வேலூர்க் கோட்டைக்குள் சைகை மொழிக்கும் ஓர் இடம் வேண்டும்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்கள் துறை, எழும்பூர், சென்னை.
காப்பாட்சியர் அவர்கள், அரசு அருங்காட்சியகம், கோட்டை வளாகம், வேலூர்.
மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள், வேலூர்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். சுற்றிவளைக்காமல் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். வேலூர்க் கோட்டை வளாகத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பக்கத்தில், இந்திய சைகை மொழி மூன்றாவது மொழியாக நிலைபெற வேண்டும். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளெல்லாம் அது பார்வையாளருக்குக் கிடைக்க வேண்டும். அந்த மொழியில் காணொளிகளில் விளக்குகிறவர்களும், அவற்றுக்கான உரையை வடிவமைக்கிறவர்களும், பார்வையாளர்களை அழைத்துச் சென்று காட்டுகிறவர்களும் காது கேளாதவர்களாகவே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு அவர்களுக்கு முறையான ஊதியம் தரப்பட வேண்டும். வேலூரில் தொடங்கும் இந்த ஏற்பாடு, பிறகு மற்ற மாவட்ட அருங்காட்சியகங்களுக்கும் விரிய வேண்டும்.

நான் காட்பாடியில் வசிப்பவள். என் பெற்றோர் இருவரும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். எனக்கும் என் தம்பிக்கும் காது கேட்கும். அப்பா ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் காலணிக்கு மேல்தோல் வெட்டும் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ரேஷன் கடை, வங்கி, பத்திரப்பதிவு, மருத்துவமனை என்று எங்கே போனாலும் பெற்றோருக்கும் ஊராருக்கும் நடுவில் நிற்பது எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே வந்து சேர்ந்துவிடுகிற பொறுப்பு. மற்ற இடங்களில் அதை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். அருங்காட்சியகத்தில் அது நடப்பதில்லை. காரணம் எளியது. வெளியூர் அருங்காட்சியகம் ஒன்றில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு வாளைப் பற்றி வழிகாட்டி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா என் கைகளைப் பார்த்தால் வாளைப் பார்க்க முடியாது. வாளைப் பார்த்தால் என் கைகளைப் பார்க்க முடியாது. காது கேட்கிறவர்கள் கண்ணைப் பொருளின் மீது வைத்துக்கொண்டே காதைப் பேச்சுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அவருக்கோ பார்ப்பதற்கும் கேட்பதற்கும் சேர்த்து இருப்பது கண் ஒன்றுதான். வாளை நிதானமாகப் பார்த்துவிட்டு, பிடியை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அவர் என்னிடம் கேட்டபோது குழு அடுத்த கூடத்துக்குப் போயிருந்தது. இரண்டு மூன்று பெட்டிகளுக்குப் பிறகு, "நீ கேட்டுக்கொள், நான் சும்மா பார்த்துக்கொள்கிறேன்" என்று சைகையில் சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். அந்த வழிகாட்டி நல்ல மனிதர்தான். கேட்டிருந்தால் திரும்பி நின்று பேசியிருப்பார். கோளாறு ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

"எழுதித்தான் வைத்திருக்கிறோமே, படித்துக்கொள்ளலாமே" என்பது இந்தக் கோரிக்கைக்கு வழக்கமாக வருகிற பதில். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தப் பதிலுக்குச் சற்று விரிவாகவே மறுமொழி சொல்ல வேண்டியிருக்கிறது. காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள். வீட்டில் பேசும் தமிழ் அவர்கள் காதில் விழுவதில்லை. சைகை மொழி வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டதன் விளைவு உலகம் முழுவதும் நூறாண்டுகளுக்கு மேல் நீடித்தது. தமிழ்நாடும் அதற்கு விலக்கல்ல. வகுப்பில் உதட்டைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். விடுதியில், விளக்கணையும் வரை, பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால் உண்மையான மொழியைக் கற்றுக்கொண்டார்கள். அப்படி வளர்ந்த தலைமுறைக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. செவிவழி ஒருமுறைகூட வந்திராத இரண்டாம் மொழி அது. அதில் அவர்கள் பேருந்துப் பலகையைப் படிப்பார்கள், வாட்ஸ்அப் செய்தி அனுப்புவார்கள், மின்கட்டண ரசீதைச் சரிபார்ப்பார்கள். "புடைப்புச் சிற்பமாக வடிக்கப்பெற்ற இக்கற்பலகை பிற்காலப் பல்லவர் கலைப்பாணியைச் சார்ந்ததாகும்" என்பது போன்ற ஒரு விளக்க அட்டை அவர்களுக்கு எதையும் விளக்காது. (காது கேட்கிறவர்களுக்கு மட்டும் அது எதை விளக்குகிறது என்று கேட்கத் தோன்றுகிறது, அது வேறொரு மடலுக்கான பொருள்.)

உதட்டசைவைப் படிக்கலாமே என்பார்கள். "படம்" என்று சொல்லும்போதும் "மடம்" என்று சொல்லும்போதும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. தொண்டையிலும் நாக்கிலும் பிறக்கிற ஒலிகள் பல வெளியே தெரிவதே இல்லை. வெளிச்சம் குறைந்த கூடத்தில், நடந்துகொண்டே பேசுகிற, மீசை வைத்த ஒருவரின் உதட்டை வைத்து விசயநகரக் காலத்தைப் புரிந்துகொள்ளச் சொல்வது விளையாட்டுப் பேச்சு.

சைகை மொழியைத் தமிழைக் கையால் எழுத்துக்கூட்டிக் காட்டுகிற வித்தை என்று நினைக்கிறவர்கள் படித்தவர்களிலும் பலர் உண்டு. அது தனக்கென இலக்கணம் உள்ள தனி மொழி. இந்திய சைகை மொழியில் வினாச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வரும். புருவமும் கன்னமும் தோளும் இலக்கண வேலை செய்யும். உடலுக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் ஆட்களையும் இடங்களையும் நிறுத்திவைத்து, பிறகு அந்த இடத்தைச் சுட்டினாலே அவரைக் குறிப்பதாகும். புதுதில்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் படிப்படியாக வெளியிட்ட அகராதி, 2021இல் வந்த மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்களைத் தொட்டது. தேசியக் கல்விக் கொள்கை 2020 இந்த மொழியை நாடு முழுவதற்கும் தரப்படுத்துவது பற்றிப் பேசுகிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் சைகைகள் மாறினாலும், சென்னைக்காரரும் கொல்கத்தாக்காரரும் சிறிது நேரத்தில் ஒருவருக்கொருவர் பிடிபட்டுவிடுவார்கள் என்பதை என் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்திருக்கிறேன்.

வேலூரை முதலில் வைப்பதற்கு இது ஒரு காரணம். கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நாள்தோறும் குடும்பம் குடும்பமாக வந்து, காந்தி சாலையிலும் சுற்றுவட்டாரத்திலும் அறை எடுத்துத் தங்குகிறார்கள். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் பொழுதில் அவர்களில் பலர் போகும் இடம் கோட்டைதான். தமிழும் ஆங்கிலமும் தெரியாத வங்காளத்துக் காது கேளாதவர் ஒருவருக்கு நம் விளக்கப் பலகைகள் இரட்டைப் பூட்டு. இந்திய சைகை மொழியில் ஒரு காணொளி இருந்தால் பேரணாம்பட்டிலிருந்து வருகிறவரும் பர்தமானிலிருந்து வருகிறவரும் ஒரே திரையின் முன் நின்று புரிந்துகொள்வார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி செவித்திறன் குறைபாடு உடையவர்கள் நாட்டில் 50 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 2.2 லட்சம். எல்லோரும் சைகை மொழி பேசுகிறவர்கள் அல்லர் என்பது உண்மை. முதுமையில் செவி மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்தில் தெளிவான தமிழ் வரிகளே போதும்; ஆகவே காணொளிகளில் சைகையோடு தமிழ் எழுத்துவரிகளும் இருக்கட்டும்.

இன்னொரு காரணம், இந்த ஊர் சொல்ல வேண்டிய வரலாறு சைகை மொழிக்கென்றே அமைந்தது போல இருப்பது. 1806 சூலை 10ஆம் நாள் விடியுமுன் இந்தக் கோட்டைக்குள் வெடித்த சிப்பாய்களின் எழுச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், பழைய தலைப்பாகையை விட்டுத் தோலால் ஆன குச்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று சென்னை மாகாணப் படையில் பிறந்த ஆணைகளும், மறுத்தவர்களுக்கு விழுந்த கசையடிகளும் அதற்கு உடனடிக் காரணங்கள். இதில் வரும் ஒவ்வொன்றும், நெற்றியும் காதும் தாடையும் தலையும், சைகை மொழி அன்றாடம் புழங்குகிற இடங்கள். கைதேர்ந்த ஒருவர் தன் நெற்றியில் குறியை இட்டு, அதை இன்னொருவன் கையால் அழித்து, கடுக்கனைக் கழற்றி, தலையில் அந்தத் தோல் குச்சத்தைச் செருகிக் காட்டும்போது, சிப்பாயின் முகத்தில் ஏறும் அவமானம் அந்த வாக்கியத்தின் இலக்கணமாகவே வந்துவிடுகிறது. பிறகு கோட்டையை அவர் தன் முன்னால் காற்றில் கட்டுவார்: இந்தப் பக்கம் வெள்ளைச் சிப்பாய்கள் உறங்கும் குடியிருப்பு, அந்தப் பக்கம் திப்புவின் பிள்ளைகள் சிறைவைக்கப்பட்டிருந்த மாளிகை, மதிலைச் சுற்றி அகழி, அதற்கும் அப்பால் கிழக்கே ஆர்க்காடு. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பிரிட்டிஷ் தளபதி கில்லஸ்பி வந்து பீரங்கியால் வாயிலைத் தகர்த்து உள்ளே நுழைவதும், அதன்பின் நடந்த படுகொலையும், அன்று பொழுது உச்சிக்கு ஏறுமுன் எல்லாம் அடங்கிப்போனதும் அந்தக் காற்றுக் கோட்டைக்குள்ளேயே நடந்து முடியும். வாயால் சொல்லும் வழிகாட்டிக்கு வரைபடம் தேவைப்படும் இடத்தில் இவருக்கு இரண்டு கைகள் போதும்.

அப்பாவுக்கு இந்தக் கதையை நான் முதன்முதலில் சொன்னபோது அவர் இடைமறித்துக் கேட்டது, "எந்தத் தோல்? மாடா, பன்றியா? பதனிட்டதா, பச்சையா?" என்பதுதான். வாழ்நாளெல்லாம் தோலைத் தொட்டவருக்கு அதுவே முதல் கேள்வி. அன்றைய சிப்பாய்களுக்கும் அதுவேதான் கேள்வியாக இருந்தது. அந்தத் தோலைப் பற்றி எழுந்த ஐயம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருசேரக் கொதிக்கவைத்தது என்பதை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வேலை செய்கிற காது கேளாத தொழிலாளிகளுக்கு யாரும் நீட்டி முழக்க வேண்டியதில்லை. அவர்களில் ஒருவர் வழிகாட்டியாக நின்றால், அந்த உரையாடல் எப்படிப்பட்டதாக இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அருங்காட்சியகத்தின் சேகரிப்பும் இதற்கு இடம் கொடுப்பதே. வேலூர் மாவட்டத்தில் கிடைத்த, கி.மு. 400 அளவினது என்று சொல்லப்படும் வெண்கல வாள், பிடியின் முனை பூச்சியின் உணர்கொம்பு போல இரண்டாகப் பிரிந்திருப்பதால் உணர்கொம்பு வாள் என்று பெயர் பெற்றது. இரு விரல்களை வளைத்து அந்தப் பிடியைக் காட்டிவிட்டால் அதற்கு ஒரு சைகைப் பெயர் அங்கேயே பிறந்துவிடும். கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கன், 1815இல் அரியணை இழந்து இங்கே கொண்டுவரப்பட்டு, 1832இல் இறக்கும் வரை சிறையிருந்தவன். அவன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை இந்த அருங்காட்சியகத்தின் பெருமைகளில் ஒன்று. நாடிழந்த ஓர் அரசன் பலகையின் மேல் அரசனை நகர்த்திக்கொண்டிருந்தான் என்பதைச் சொல்ல எந்த மொழிக்கும் ஆசை வரும். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபத்தையும் சேர்த்துக்கொண்டால் அரை நாள் உலாவுக்குப் பொருள் கிடைக்கும்.

பழைய வட ஆர்க்காடு நடுகற்களின் மண். செங்கம் வட்டாரத்தில் மட்டும் எத்தனையோ கற்கள்; எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில் வீரனுக்குப் பக்கத்தில், கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயும் பெயரோடு நிற்கிறது. அந்தக் கற்களில் உள்ள வட்டெழுத்தின் முன்னால் காது கேட்கிறவரும் கேளாதவரும் ஒன்றுதான். இருவருக்கும் அதைப் பெயர்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். காது கேட்கும் நமக்காக அந்தப் பெயர்ப்பைத் துறை தன் கடமையாகச் செய்துவருகிறது, யாரும் அதைச் சலுகை என்று சொல்வதில்லை. நான் கேட்பதும் அதே கடமையின் இன்னொரு பகுதியைத்தான்.

இனி, செய்யும் முறை. அரைகுறையாகச் செய்யப்பட்டவற்றைப் பார்த்துச் சலித்திருப்பதால் இதைக் கொஞ்சம் கறாராகவே எழுதுகிறேன். ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் ஒரு விளம்பரக் காணொளியின் மூலையில், தபால்தலை அளவில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை ஒட்டிவைப்பது போதாது; விரலசைவும் புருவமும் தெரியாத இடத்தில் மொழியே இல்லை. சைகையாளர் திரையின் பெரும்பகுதியில், ஒற்றை நிறப் பின்புலத்தின் முன், தோலின் நிறத்தோடு கலந்துவிடாத உடையில் நிற்க வேண்டும். பொருளின் படம் அவருக்குப் பக்கத்தில் வர வேண்டும். அவர் பேசி நிறுத்திய பிறகு பொருளை மட்டும் சில நொடிகள் காட்ட வேண்டும், ஏனென்றால் பார்வையாளரின் கண் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும். தமிழ் உரையை முதலில் எழுதி அதைச் சொல்லுக்குச் சொல் கைக்கு மாற்றச் சொல்லக்கூடாது. காப்பாட்சியர் பொருளைக் காட்டி விளக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் இடையில் இருந்து உதவட்டும். காது கேளாதவர்கள் இருவர் மூவர் உட்கார்ந்து அதைத் தங்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று தங்களுக்குள் விவாதித்து முடிவுசெய்யட்டும். நடுகல், உணர்கொம்பு வாள், அகழி, சம்புவராயர், ஆர்க்காட்டு நவாப் என்று அகராதியில் இல்லாத எத்தனையோ சொற்கள் வரும். ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தாக விரல்களில் கூட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பவர் களைத்துவிடுவார். புதிய சைகைகளை உருவாக்கும் உரிமை அந்த மொழியைப் பேசுகிறவர்களுக்கே உரியது; அங்கே உருவாகும் சைகைகளைப் பதிவுசெய்து தில்லி மையத்துக்கும் அனுப்பினால், பிற மாநிலங்களுக்கும் அது பயன்படும்.

தொடக்கத்தில் எல்லாப் பொருள்களுக்கும் வேண்டாம். இருபது இருபத்தைந்து பொருள்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடக் காணொளி போதும். க்யூஆர் குறியீட்டை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருப்பதில்லை, இருந்தாலும் கனத்த சுவர்களுக்கு நடுவே சிக்னல் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. இணையம் இல்லாமல் ஓடும் கைக்கணினிகள் சிலவற்றை நுழைவுச்சீட்டு முகப்பில் வைத்து, ஏதேனும் ஓர் அடையாள அட்டையைப் பெற்றுக்கொண்டு இரவல் தரலாம். அந்த முகப்பில் இருப்பவருக்கும் கூடக் காவலர்களுக்கும் வரவேற்பு, வழி, நேரம், கட்டணம், படம் எடுக்கலாம் அல்லது கூடாது என்பதற்கான சைகைகள் சிலவற்றைக் கற்றுத்தந்தால் ஒரு முற்பகல் பயிற்சியில் முடிந்துவிடும். தீ எச்சரிக்கை மணியோடு மினுக்கும் விளக்கும் இருக்க வேண்டும் என்பதைப் பொதுப்பணித்துறைக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

காணொளியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆட்கள். காணொளியிடம் கேள்வி கேட்க முடியாது. இலண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் பிரிட்டிஷ் சைகை மொழியில் உலாக்கள் நடக்கின்றன; நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் காது கேளாத கல்வியாளர்களையே அமெரிக்க சைகை மொழி உலாக்களுக்கு அமர்த்தியது; இன்று உலகறிந்த கலைஞராக விளங்கும் கிறிஸ்டின் சன் கிம் ஒருகாலத்தில் அங்கே அந்த வேலை பார்த்தவர். காது கேட்கும் வழிகாட்டி பேச, மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று பெயர்ப்பதற்கும், காது கேளாத வழிகாட்டி நேரடியாக நடத்துவதற்கும் உள்ள வேறுபாடு பார்த்தால் உடனே தெரியும். அவர் குழுவை அரைவட்டமாக நிறுத்துவார், எல்லோருக்கும் எல்லோர் கையும் தெரியும்படி. வெயில் விழும் சாளரத்துக்கு எதிரே நிற்க மாட்டார், முகம் இருண்டுவிடும் என்பதால். முதலில் பொருளைப் பார்க்கவிடுவார்; எல்லோர் கண்ணும் தன்னிடம் திரும்பிய பிறகே தொடங்குவார். யாரும் சொல்லித்தராமலே இவையெல்லாம் அவருக்குத் தெரியும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பட்டம் படித்துவிட்டுப் பேக்கிங் வேலையிலும் தையல் வேலையிலும் இருக்கிற காது கேளாத இளைஞர்களை எனக்கே தெரியும். அவர்களில் நால்வரைத் தேர்ந்து, காப்பாட்சியரிடம் சில மாதம் பயிற்சி கொடுத்து, ஒப்பந்த முறையிலாவது அமர்த்துங்கள். தன்னார்வத் தொண்டு என்ற பெயரில் இலவசமாக வேலை வாங்க வேண்டாம். காது கேட்கும் வழிகாட்டிக்குக் கூலி உண்டு என்றால் இவர்களுக்கும் உண்டு. கோட்டையும் மதிலும் அதற்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. உலா அருங்காட்சியக வாயிலோடு நின்றுவிடாமல் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்கள் வரைக்கும் போவதற்கு அந்தத் துறையோடு ஒரு புரிந்துணர்வு தேவைப்படும். மாவட்ட நிர்வாகம் முன்னின்றால் அது நடக்கும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 30ஆம் உறுப்பு அருங்காட்சியகங்களை வெளிப்படையாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, சைகை மொழிகளையும் காது கேளாதோரின் பண்பாட்டையும் அங்கீகரிக்கச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலையை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி செய்வதை அரசின் பொறுப்பாக்குகிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. சாய்தளம் அமைத்ததோடு அணுகல் முடிந்துவிட்டதாகக் கருதுகிற பழக்கம் நம் அலுவலகங்களில் இன்னும் போகவில்லை. சாய்தளம் மிகவும் தேவை. அதன் வழியே உள்ளே வந்த காது கேளாதவருக்கு உள்ளே இருப்பது புரிய வேண்டும் என்பதும் அதே அளவு தேவை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய கட்டடமோ அயல்நாட்டு இயந்திரமோ இதற்கு வேண்டாம். ஒரு நல்ல காமிரா, ஒளி, ஓர் அறை, சில கைக்கணினிகள், ஊதியம். மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென நடந்துவரும் உரிமைகள் திட்டத்தின் கீழோ, துறையின் சொந்த நிதியிலோ இதற்கு இடம் கண்டுபிடிப்பது கடினமாக இராது. தனியார் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் நாடலாம். ஆனால் நன்கொடையாளர் மனம் மாறினால் நின்றுபோகும்படி வழிகாட்டிகளின் ஊதியத்தை அதில் கட்டிவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நிதி காமிராவுக்கும் கைக்கணினிக்கும் போகட்டும். ஊதியம் துறையின் கணக்கில் இருக்கட்டும்.

செப்டம்பர் 23 உலக சைகை மொழிகள் நாள். மே 18 உலக அருங்காட்சியக நாள். இந்த இரு நாள்களிலும் பதாகை கட்டி, பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, சைகையில் தேசியகீதம் பாடவைத்துப் படமெடுத்துக்கொள்வது எளிது. அப்படிப்பட்ட விழாக்களில் மேடையில் பேசுவோர் என்ன பேசுகிறார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர்த்துச் சொல்ல யாரும் இல்லாததையும் பார்த்திருக்கிறேன். விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் பத்துக் காணொளிகள் முடிந்து, முதல் வழிகாட்டி முதல் மாதச் சம்பளம் வாங்கிய பிறகு விழா வைத்தால் நாங்களே பந்தல் போடுகிறோம்.

உடனடியாக உங்களிடம் கேட்பது ஒரு கூட்டம். காப்பாட்சியர், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், தொல்லியல் துறை சார்பில் ஒருவர், மூன்று மாவட்டங்களையும் சேர்ந்த காது கேளாதோர் சங்கங்களின் பிரதிநிதிகள் ஆகியோர் அருங்காட்சியகத்திலேயே கூடி, கூடம் கூடமாக நடந்து, எந்தெந்தப் பொருள்களை முதலில் எடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். தகுதிபெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இருவரையாவது துறையே ஏற்பாடு செய்ய வேண்டும்; ஒருவரே நெடுநேரம் தொடர்ந்து பெயர்த்தால் பிழைகள் வரும், இருவர் மாறி மாறிச் செய்வதே முறை. பெற்றோருக்காகப் பெயர்க்கிற பிள்ளைகளாகிய எங்களை அந்த வேலைக்கு அழைக்க வேண்டாம். அந்தக் கூட்டத்தில் நாங்கள் பார்வையாளர்களாக உட்காரவே விரும்புகிறோம்.

இந்த மடலின் சைகை மொழி வடிவத்தை என் பெற்றோரும் அவர்களுடைய நண்பர்களும் சேர்ந்து காணொளியாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். அதைத் தனியே உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பிவைக்கிறோம். உங்கள் பதிலையும் எழுத்தில் ஒன்றும் இந்திய சைகை மொழியில் ஒன்றுமாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் அந்தப் பதிலுக்காகக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் படிக்கப்போவது இரண்டாவதைத்தான்.

இப்படிக்கு,
காது கேளாத பெற்றோரின் மகள்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.